பழைய கிராமத்துப் பாலம் டேங்க்கைத் தாங்குமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெண்டாம் உலகப்போர் நடந்த நார்மண்டி, ஆர்டென்ஸ் பக்கம் சுத்திப் பாக்கப் போறவங்களும் சரி, வீட்ல மேப்பை விரிச்சு வார்கேம் ஆடறவங்களும் சரி, ஒரு கட்டத்துல இந்தக் கேள்வியில வந்து நிப்பாங்க: "இந்தச் சின்னப் பாலத்து மேல டைகர் போயிருக்க முடியுமா?" டைகர்ங்கறது ஜெர்மனியோட கனமான டேங்க். பெரும்பாலும் பதில் டேங்க்கோட எடையை மட்டும் பாத்துட்டு வந்துடும், 57 டன்னா, சான்ஸே இல்லன்னு. ஆனா எடை பாதிக் கதைதான். மீதிப் பாதி பாலத்துல இருக்கு, அதைப் போய்ப் பாக்காம, அளக்காம சொல்றது எல்லாம் ஊகம். நான் பாத்த வரைக்கும் ஜனங்க கல் வளைவுப் பாலத்தைக் குறைச்சு மதிப்பிடறாங்க, மரப்பாலத்தையும் இரும்புப் பாலத்தையும் ரொம்ப நம்பறாங்க.

முதல்ல: அது அந்தப் பாலம்தானா?

இதைச் செய்யாம டேப்பை எடுக்காதீங்க. போர்ல அடிபட்ட பாலங்கள் நிறைய திரும்பக் கட்டினதுதான். பெல்ஜியத்துல ஸ்டாவ்லோ ஊர்ல ஆம்ப்ளேவ் ஆத்து மேல இப்ப நிக்கற பாலத்தைப் பாத்துட்டு "இதுலதான் பைப்பரோட கிங் டைகர் போச்சு"ன்னு போட்டோ எடுத்துக்கறாங்க (பைப்பர் ஜெர்மன் எஸ்எஸ் படைத்தளபதி, கிங் டைகர் டைகரைவிடப் பெரிய டேங்க்), ஆனா 1944 டிசம்பர் 19 ராத்திரி அமெரிக்க இன்ஜினியர்கள் அந்தப் பாலத்தை வெடி வச்சு உடைச்சுட்டாங்க, இப்ப இருக்கறது பின்னாடி வந்தது.

பழைய பாலம்தானான்னு பாக்க, போருக்கு முன்னாடி வந்த போஸ்ட்கார்டு படங்கள் நல்ல வழி, ஐரோப்பாவுல சின்ன ஊருக்குக்கூட பாலம் போட்ட போஸ்ட்கார்டு கிடைக்கும். பிரான்ஸ்னா ஐஜிஎன், அதாவது அந்த நாட்டு மேப் நிறுவனம், வச்சிருக்கற பழைய வான்படங்களை இணையத்துலயே பாக்கலாம். பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த படங்கள் எடின்பரோவுல இருக்கற தேசிய வான்படத் தொகுப்புல இருக்கு. நேர்ல போனா கல்லோட நிறம் மாறுதா, வளைவுல ஒரு கண் மட்டும் கான்கிரீட்டா, கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் மட்டும் புதுசானு பாருங்க. பாலத்தை ஒரு பக்கமா அகலப்படுத்தியிருப்பாங்க, மேல இருந்து பாத்தா தெரியாது, கீழ இறங்கிப் பாத்தா பழைய வளைவும் புது ஸ்லாபும் ஒட்டின கோடு பளிச்சுனு தெரியும்.

இன்னொரு பொறி. ஜெர்மனியில ரோட்டோரம் மஞ்சள் வட்டத்துல டேங்க் படமும் நம்பரும் போட்ட போர்டு இன்னும் பல இடத்துல நிக்குது. புதுசா வர்றவங்க அதை ஹிட்லர் காலத்து போர்டுனு நினைச்சுடறாங்க. இல்ல, அது போருக்கு அப்பறம் நேட்டோ வச்சது.

மஞ்சள் வட்டம்னா என்ன

ஆனா பாலத்துக்கும் வண்டிக்கும் நம்பர் குடுக்கற யோசனை போர்க்காலத்துலயே உண்டு. பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளோட பழைய படத்துல முன்பக்கம் ஒரு சின்ன மஞ்சள் தட்டு, அதுல கறுப்புல ஒரு நம்பர் இருக்கும், அதுதான் பிரிட்ஜ் கிளாஸ். பாலத்துக்கும் இன்ஜினியர்கள் ஒரு நம்பர் குடுத்து போர்டு வைப்பாங்க. வண்டி நம்பர் பாலத்து நம்பரைத் தாண்டாம இருந்தா போ, தாண்டினா நில்லு, டிரைவர் கணக்கு எதுவும் போட வேண்டாம். நம்பர் கிட்டத்தட்ட டன்னுக்கு ஒத்து வரும், ஆனா அதே எடை இல்ல, ஏன்னா அந்த எடை எத்தனை ஆக்ஸில்ல, எவ்வளவு நீளத்துல பரவியிருக்குங்கறதும் அதுக்குள்ள சேந்திருக்கு. டிரெய்லர் இழுக்கற வண்டிக்கு நம்பர் மாறும். அப்ப கட்டின பெய்லி பாலங்கள், அதாவது துண்டு துண்டாக் கொண்டுவந்து கோத்துப் போடற இரும்புப் பாலங்கள், நிறைய கிளாஸ் 40, ஷெர்மனும் சர்ச்சிலும் போறதுக்கு அது போதும்.

டேங்க் பக்கத்து கணக்கு

இதை ஒரு தாள்ல எழுதி வச்சுக்குங்க, திரும்பத் திரும்பத் தேவைப்படும். பிரெஞ்சு ரெனோ ஆர்35 சுமார் 10.6 டன், ஹாட்ச்கிஸ் எச்39 12 டன். ஜெர்மன் பான்சர் 4 சுமார் 25, பிரிட்டிஷ் குரோம்வெல் 28, அமெரிக்க ஷெர்மன் 30லேர்ந்து மேல, பிரிட்டிஷ் சர்ச்சில் 39-40, ஜெர்மன் பாந்தர் 45, டைகர் 57, கிங் டைகர் 68-70. முன்னாடி சக்கரமும் பின்னாடி டேங்க் மாதிரி பட்டையும் வச்ச ஜெர்மன் ஹாஃப்டிராக் 251 சுமார் 8, 9 டன்தான்.

எடையோட ரெண்டு விஷயம் சேத்துக்கணும், டிராக் (சக்கரங்களைச் சுத்தி ஓடற இரும்புப் பட்டை) தரையைத் தொடற நீளமும் மொத்த அகலமும். இங்கதான் சுவாரசியம். ஷெர்மனோட டிராக் தரையைத் தொடற நீளம் சுமார் 3.7 மீட்டர், டைகருக்கு சுமார் 3.6. நீளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எடை மட்டும் ஏறக்குறைய டபுள். "டைகர் டிராக் அகலம், அதனால எடை பரவிடும், பாலம் தாங்கும்"னு சொல்றவங்களை நிறையப் பாக்கறேன். அகலமான டிராக் சேத்துல புதையாம இருக்க உதவும், மேல் பலகை உடையாம இருக்க கொஞ்சம் உதவும், ஆனா பலகைக்குக் கீழ இருக்கற உத்தரத்துக்கு அதெல்லாம் கணக்கே இல்ல, மொத்த 57 டன்னும் வந்து இறங்கத்தான் செய்யும்.

ஜெர்மன்காரங்களுக்கே இது தெரியும். அதனாலதான் முதல்ல வந்த 495 டைகருக்கு சுமார் 4 மீட்டர் ஆழத் தண்ணிக்குள்ள ஆத்தோட அடியிலயே ஓட்டிப் போற ஏற்பாடு செஞ்சு குடுத்தாங்க. செலவு ஜாஸ்தினு அப்பறம் விட்டுட்டாங்க.

அகலம்: ஷெர்மன் 2.6 மீட்டர், குரோம்வெல் 2.9, டைகர் சுமார் 3.7, கிங் டைகர் 3.75. பாலத்துல ரெண்டு கைப்பிடிச்சுவருக்கு நடுவுல அளந்து பாருங்க. பொதி குதிரைக்குக் கட்டின பழைய பாலங்கள் சிலது 2 மீட்டர்கூட இருக்காது, அங்க கணக்கு அதோட முடிஞ்சுது.

கீழ இறங்கிப் பாருங்க

பாலத்தை மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. எந்த வகைனு கீழ இருந்து பாத்தாதான் தெரியும். தண்ணி ஜாஸ்தியா ஓடற நாள்ல இறங்காதீங்க, தனியார் நிலம்னா கேட்டுட்டுப் போங்க.

கல் வளைவுதான் கிராமத்துல அதிகம். வளைவுல ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெரிச்சுக்கிட்டு நிக்குது, கூட்டம் நெரியற டவுன் பஸ்ல கம்பியைப் புடிக்காமலே விழாம நிக்கற மாதிரி. ரெண்டு ஓரமும் நகராம இருக்கற வரைக்கும் எடை கூடக்கூட கல்லு இன்னும் இறுகும். அதனால வளைவு எதுல தோக்கும்னா கல் நொறுங்கி இல்ல, பெரும்பாலும் வடிவம் கெட்டு, இல்ல அஸ்திவாரம் நகந்து.

நாலு அளவு எடுக்கணும். ஸ்பான், அதாவது ஒரு கண்ணோட அகலம். வளைவு எவ்வளவு உயரம் எழும்புது. உச்சியில வளைவுக் கல்லோட தடிமன். அந்தக் கல்லுக்கு மேல ரோடு வரைக்கும் கொட்டின மண்ணோட ஆழம். கடைசி ரெண்டும்தான் உயிர். முகப்புல தெரியற கல் அழகுக்குப் பெருசா வச்சிருப்பாங்க, உள்ள மெல்லிசா இருக்கலாம், அதனால அடியில இருந்தும் பாருங்க. இன்னிக்கு மேல இருக்கற தார் போருக்கு அப்பறம் அடுக்கடுக்கா போட்டதா இருக்கும், அதைக் கழிச்சிடணும்.

அளந்ததை வச்சு என்ன பண்றது? பிரிட்டன்ல ஏ.ஜே.எஸ். பிப்பார்ட் செஞ்ச வளைவு ஆய்வுகள்லேர்ந்து ராணுவம் ஒரு சுலப முறை உண்டாக்கிச்சு, மெக்ஸி முறைனு பேரு. பின்னாடி சாலைத் துறையும் அதையே எடுத்துக்கிச்சு. கல் தடிமனையும் மண் ஆழத்தையும் மீட்டர்ல கூட்டி, அதை அதாலயே பெருக்கி, 740ஆல பெருக்கி, ஸ்பானோட 1.3 அடுக்கால வகுக்கணும். வர்ற நம்பர், நெருக்கமா ரெண்டு ஆக்ஸில் வச்ச வண்டியில ஒரு ஆக்ஸிலுக்கு எத்தனை டன் அனுமதிக்கலாம்ங்கறது. 70க்கு மேல வந்தா 70னே எடுக்கணும். ஸ்பான் பெருசாப் போச்சுன்னா இந்த முறையை நம்பக்கூடாது, 12 மீட்டர் வரைக்கும் வச்சுக்குங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஸ்பான் 5 மீட்டர், கல் 40 செ.மீ., மண் 30 செ.மீ. கூட்டினா 0.7, அதை அதாலயே பெருக்கினா 0.49, 740ஆல பெருக்கினா 362, 5ஓட 1.3 அடுக்கு 8.1, வகுத்தா சுமார் 45 டன். இப்ப கழிவுகள். சுண்ணாம்புக்கல், நல்லா இறுகின மண், அதுக்கு 0.87. காரை கொஞ்சம் போயிருக்கு, 0.9. பொதுவான நிலைமை சுமார், 0.8. எல்லாத்தையும் பெருக்கினா 28 டன் ஒரு ஆக்ஸிலுக்கு. ரெண்டு ஆக்ஸில்னா 56. அதைவிட நீளமாப் பரவி நிக்கற டைகருக்கு இந்தச் சின்னப் பாலம் கிட்டத்தட்ட சரி!

அதே 5 மீட்டர், ஆனா கல் 30 செ.மீ., மண் வெறும் 10 செ.மீ.னு வச்சுப் பாருங்க. 45 இருந்தது 14.6க்கு இறங்கிடும், கழிவு போக சுமார் 10. ஷெர்மன் போறதே யோசனைதான், டைகரை மறந்துடுங்க. ரோட்ல நிக்கறவனுக்கு ரெண்டு பாலமும் ஒரே மாதிரிதான் தெரியும், 30 செ.மீ. வித்தியாசம் மூணு மடங்கைத் தின்னுடுது. இது தோராயம்தான், ஆனா "தாங்கும்", "தாங்காது"னு வெறும் வாயால சண்டை போடறதுக்கு எவ்வளவோ மேல்.

எங்க கோளாறு தெரியும்

கண்ணு முதல்ல எங்க போகணும்னா தண்ணி மட்டத்துக்கு. தூணோட அடியில மண்ணை ஆறு அரிச்சு எடுத்துட்டுப் போயிருக்கா, அடிக்கல் தொங்குதானு பாருங்க, மேல எவ்வளவு உறுதியா இருந்தாலும் இது ஒண்ணு போதும். அப்பறம் வளைவோட அடிப்பக்கம், ரோடு போற திசையிலயே நீளமா ஓரத்துல விரிசல் ஓடினா பக்கச்சுவர் வெளிய தள்ளிக்கிட்டு வருதுனு அர்த்தம், நடுவுல ஓட்டற டேங்க்குக்கு அது அவ்வளவு மோசமில்ல. குறுக்கால ஓடற விரிசல், கீழ இறங்கி நிக்கற கல், வளைவு ஒரு பக்கம் தட்டையாத் தெரியறது, இதெல்லாம் கெட்ட சேதி. ஆனா ஒண்ணு, இன்னிக்கு நீங்க பாக்கற விரிசல் 1944ல இருந்ததுனு எப்படிச் சொல்றது? 80 வருஷ லாரியும் போட்டிருக்கலாம். அதனால இன்னிக்கு நிலைமையை வச்சு அன்னிக்கு நம்பரைக் குறைக்காதீங்க, பழைய போட்டோ இருந்தா மட்டும் குறைங்க.

பல கண் இருந்தா ஒவ்வொண்ணையும் அளங்க, இருக்கறதுல மோசமான கண்ணுதான் பாலத்தோட நம்பர்.

மரப்பாலம்

இதுக்கு வேற கணக்கு. கீழ எத்தனை உத்தரம், அதோட அகலம், ஆழம், ஸ்பான். பலகையைப் பாத்து மயங்காதீங்க, உத்தரம்தான் பாலம். உத்தரத்தோட ஆழம்தான் முக்கியம், ஆழம் டபுளானா பலம் நாலு மடங்கு, அகலம் டபுளானா வெறும் ரெண்டு மடங்கு.

5 மீட்டர் ஸ்பான் நடுவுல ஷெர்மன் நிக்கும்போது பாலத்தை வளைக்கற சக்தி, அதான் பெண்டிங் மொமெண்ட், சுமார் 23.5 டன்-மீட்டர். கணக்கு சிம்பிள்தான்: எடையை 8ஆல வகுத்து, ஸ்பானை ரெண்டால பெருக்கி, அதுலேர்ந்து தரையைத் தொடற டிராக் நீளத்தைக் கழிச்சு வர்றதால பெருக்கணும். டைகருக்கு அதே இடத்துல 45.6. 30க்கு 30 செ.மீ. நல்ல உத்தரம் ஒண்ணு, சதுர செ.மீ.க்கு 100 கிலோனு கணக்கு வச்சா, 4.5 டன்-மீட்டர் தாங்கும். ஆறு உத்தரம்னா 27, பாலத்தோட சொந்த எடைக்கு ரெண்டு போனா 25. ஷெர்மன் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போயிடும், டைகர் போகாது. அதுவும் ஆறும் சமமாத் தாங்கினாத்தான், நிஜத்துல டிராக்குக்கு நேர் கீழ இருக்கறதுக்குத்தான் அடி. உத்தரத்தோட ஆழத்துல 5 செ.மீ. உளுத்துப் போயிருந்தா மூணுல ஒரு பங்கு பலம் காலி, ஷெர்மனும் நிக்க வேண்டியதுதான். சாவியோ சின்னக் கத்தியோ வச்சு உத்தரம் சுவர்ல உக்கார்ற முனையைக் குத்திப் பாக்கலாம், உளுக்கறது பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும். பாதுகாக்கப்பட்ட பாலம்னா குத்தாதீங்க.

போர்ல இன்ஜினியர்கள் இதுக்கு செஞ்ச கை வைத்தியம் எனக்கு ரொம்பப் புடிக்கும்: நடுவுல ஒரு மரக்கட்டு முட்டுக் குடுக்கறது. 5 மீட்டர் ஸ்பான் ரெண்டு 2.5 மீட்டரா ஆயிடும், டேங்க் அந்த ஸ்பானைவிட நீளம், அதனால எடையில ஒரு பங்குதான் ஒரு சமயத்துல ஒரு ஸ்பான்ல நிக்கும். ஷெர்மனோட 23.5 அப்படியே 6.3க்கு வந்துடும். அதனால பழைய படத்துல பாலத்துக்கு அடியில மரக்கட்டு அடுக்கியிருந்தா அதை விட்டுடாதீங்க, உங்க கணக்கே மாறிடும். அதுவும் முடியலன்னா பழைய பாலத்தைத் தொடாம அதுக்கு மேலயே கரைக்குக் கரை பெய்லியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது இந்திய ராணுவ இன்ஜினியர் படையோட கம்பெனிகளும் இத்தாலியிலயும் பர்மாவுலயும் இருந்தாங்க, தமிழ் பேசற ஆளுங்க நிறைய அதுல.

இரும்பு, கான்கிரீட் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். இரும்புல உத்தரத்தோட சைஸும், துரு எவ்வளவு தின்னிருக்குங்கறதும், ரிவெட் ஆடுதாங்கறதும் பாக்கணும், தோக்கறது பெரும்பாலும் பெரிய கிர்டர் இல்ல, குறுக்க போற சின்னது. 1920, 30கள்ல போட்ட கான்கிரீட் ஸ்லாபுக்குள்ள எவ்வளவு கம்பி இருக்குனு கண்ணால சொல்லவே முடியாது. வரைபடம் கிடைச்சா பேசலாம், இல்லன்னா "தெரியல"னு எழுதுங்க, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

எப்படி ஓட்டினாங்கங்கறதும் சேத்தி

பாலத்துக்கு ஒரே நம்பர்னு நினைக்காதீங்க. போருக்கு அப்பறம் நேட்டோ எழுதி வச்ச விதியைப் பாத்தா இது புரியும். சாதாரணமா தாண்டறதுன்னா 30 மீட்டர் இடைவெளி, 40 கி.மீ. வேகம் வரைக்கும். எச்சரிக்கையாத் தாண்டறதுன்னா பாலத்து நம்பரைவிட கால் பங்கு அதிகமான வண்டியைக்கூட விடலாம், ஆனா 13 கி.மீ. வேகம், 50 மீட்டர் இடைவெளி, நட்ட நடுவுல, பிரேக் கூடாது, கியர் மாத்தக் கூடாது, நிக்கக் கூடாது. துணிஞ்சு தாண்டறதுன்னா ஒரே ஒரு வண்டி, 5 கி.மீ. வேகம், அவ்வளவுதான்.

அதனால "முதல் டேங்க் போச்சு, அப்ப பாலம் தாங்கும்"ங்கற வாதம் ஓட்டை. முதல் டேங்க் தாண்டினதுல கல்லு கொஞ்சம் நகந்திருக்கும், பத்தாவது டேங்க் வந்து விழும். அதே மாதிரி பாலத்தோட வாசல்லயே ரோடு வளைஞ்சா டேங்க் பாலத்து மேல திரும்ப வேண்டி வரும், திரும்பற டிராக் பக்கவாட்டுல தள்ளற தள்ளுல கைப்பிடிச்சுவர் முதல்ல போகும், அப்பறம் ஓரத்துக் கல். பாலத்துக்கு முன்னாடி 30 மீட்டர் ரோட்டையும் பாருங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

மூணு நிஜப் பாலம்

பழக இந்த மூணையும் எடுத்துக்கலாம், வேணும்ங்கற அளவு எழுத்தும் படமும் கிடைக்கும்.

நார்மண்டியில மெர்டெரே ஆத்து மேல லா ஃபியேர் பாலம். சின்னக் கல் பாலம். 1944 ஜூன் 6 அன்னிக்கு அமெரிக்க பாராசூட் வீரர்கள் மேல ஜெர்மன்காரங்க ஓட்டிக்கிட்டு வந்தது பிடிச்சு வச்சிருந்த பழைய பிரெஞ்சு டேங்க்குங்க, 10-12 டன் ரகம். ஜூன் 9 அன்னிக்கு எதிர்ப்பக்கமா ஷெர்மன்கள் அதே வழியில போச்சு. ஒரே வாரத்துல ஒரே பாலத்துக்கு ரெண்டு வேற எடை, ஒப்பிடறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ரெண்டாவது, சூலேவ்ர் ஆத்து மேல போன் டு டோரோ. 1944 ஜூலை 31 அன்னிக்கு பிரிட்டிஷ் கவச கார் ஒண்ணும் ஒரு சின்ன ஸ்கௌட் காரும் எதிரி லைனுக்குள்ள புகுந்து போய் பாத்தா இந்தக் கல் பாலம் உடையாம நிக்குது. ரெண்டு ஜெர்மன் டிவிஷனுக்கு நடுவுல எல்லைக்கோட்டுல இருந்ததால காவல் சரியா இல்ல. பின்னாடியே குரோம்வெல் டேங்க்குங்க வந்து தாண்டிச்சு, 11ஆவது கவச டிவிஷன் அந்த ஓட்டை வழியாவே உள்ள பாஞ்சுது. அங்க போனா ஸ்பானையும் உச்சித் தடிமனையும் அளந்து 28 டன்னுக்குப் போட்டுப் பாருங்க.

மூணாவது எதிர் உதாரணம். 1944 டிசம்பர் 18, பைப்பரோட படை ஸ்டாவ்லோ கல் பாலத்தைத் தாண்டிச்சு, கிங் டைகர்களும் தாண்டிச்சு, கல் வளைவை லேசா நினைக்காதீங்கன்னு சொன்னேனே. அடுத்து வந்த ட்ருவா-போன் ஊர்ல பாலம் கண்ணு முன்னாடியே வெடிச்சுது. சுத்தி வந்து லியென் ஆத்துக்குப் போனா அபியெமோன் கிட்ட இருந்த நல்ல பாலத்தையும் அமெரிக்க இன்ஜினியர்கள் தகர்த்துட்டாங்க. கொஞ்சம் வடக்க ஒரு சின்னப் பாலம் இருந்துச்சு, ஹாஃப்டிராக்குங்க அதுல தாண்டியும் போச்சு, ஆனா டேங்க்கை அது தாங்காது. பாலம் போடற சாமான் கையில இல்ல. 9 டன் போகும், 45 டன் போகாது, அந்த வித்தியாசத்துல ஒரு முழுப் படையே திரும்ப வேண்டியதாப் போச்சு.

எழுதி வைக்கும்போது

நம்பரை ஒத்தையா எழுதாதீங்க, "ஷெர்மன் சாதாரணமா போகும், பாந்தர் மெதுவா ஒண்ணொண்ணா, டைகர் சந்தேகம்"னு இப்படி எழுதுங்க. எதை அளந்தீங்க, எதை ஊகிச்சீங்கன்னு தனித்தனியா போடுங்க, முக்கியமா மண்ணோட ஆழம், அது எப்பவும் பாதி ஊகம்தான். எந்த டன்னுனும் போட்டுடுங்க. அமெரிக்க ஆவணத்துல 33 டன்னுனு இருக்கற ஷெர்மன்தான் நம்ம மெட்ரிக் கணக்குல 30, பிரிட்டிஷ் டன் இன்னொரு ரகம், ரெண்டு மூணு ஆவணத்தைக் கலந்து கூட்டும்போது பத்து சதவீதம் அங்கயே காணாமப் போயிடும். பிரிட்டிஷ் படைப்பிரிவோட போர் நாட்குறிப்பு வேணும்னா லண்டன்ல கியூங்கற பகுதியில இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல டபிள்யூஓ 171ங்கற வரிசையில தேடுங்க, வடமேற்கு ஐரோப்பா 1944 அங்கதான். அதுல இன்ஜினியர் கம்பெனியோட நாட்குறிப்பை முதல்ல எடுங்க, டேங்க் ரெஜிமெண்ட்டோடதை இல்ல. டேங்க்காரன் பாலத்தைத் தாண்டினேன்னுதான் எழுதுவான், அந்தப் பாலம் என்ன கிளாஸ்னு எழுதறவன் இன்ஜினியர்தான்.